பிடி விடாத கப்ளர்

எச்.ஓ. அளவில் செய்த மாதிரி சரக்குப் பெட்டியை அடுத்த பெட்டியோடு இணைக்கும் கப்ளரின் தலை பாசிப்பயற்றை விடச் சற்றே பெரியது. அசல் ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓட்டும் அளவு இது. மாதிரி ரயில் பிரியர்களிடையே மிகுதியாகப் புழங்குவதும் இதுதான். பெட்டியின் வண்ணப்பூச்சும் எழுத்தும் ஏணியும் கண்ணுக்கு விருந்து. ஆனால் ரயில் ஒழுங்காக ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பவை சக்கரமும் கப்ளரும். ஏற்றத்தில் பாதி ரயில் கழன்று பின்னோக்கி உருள்வது, பின்னால் தள்ளும்போது நடுப்பெட்டி தடம் புரள்வது, தடம் பிரியும் பாயிண்டைத் தாண்டும்போது கப்ளரின் அடியில் தொங்கும் கம்பி தண்டவாளத்தில் மாட்டிக்கொள்வது என்று வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் கப்ளரில்தான் இருக்கும்.

கப்ளரிடம் எதிர்பார்க்கப்படும் வேலைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மெல்ல முட்டினாலே பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் விடக்கூடாது. தள்ளும்போது பெட்டியை ஒரு பக்கமாக நெருக்கக்கூடாது. ஓட்டுபவர் விரும்பும் இடத்தில் மட்டும் கழல வேண்டும். எளிதில் சேர வேண்டுமென்றால் ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். இழுவையில் நிலைக்க வேண்டுமென்றால் அதே ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். சந்தையில் உள்ள ஒவ்வொரு கப்ளரும் இந்த முரண்பாட்டை ஏதோ ஒரு பக்கம் சாய்த்துத் தீர்த்த வடிவம்தான். எனவே எந்தக் கப்ளர் சிறந்தது என்று கேட்பதை விட, எந்த வேலைக்கு எது, அதை எப்படிப் பொருத்துவது என்று கேட்பதே பயன் தரும்.

அமெரிக்க மாதிரி ரயில்களில் காணப்படும் மடக்கிய விரல் போன்ற தலைக்கு மூலம் அசல் ரயிலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பெட்டிகளை இரும்பு வளையத்தாலும் முளையாலும் இணைத்தார்கள். இரண்டு பெட்டிகள் நெருங்கி வரும்போது ஓர் ஆள் நடுவில் நின்று வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்ட வேண்டும். விரலை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் ஏராளம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜேனி 1873-இல் காப்புரிமை பெற்ற தானியங்கிக் கப்ளர், முட்டினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. 1893-இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் தானியங்கிக் கப்ளரைக் கட்டாயமாக்கியது. 1900-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்றைய இந்தியச் சரக்கு வேகன்களிலும் எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டிகளிலும் உள்ள நடுக் கப்ளர் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

மாதிரி உலகம் இந்த வடிவத்துக்கு உடனே வந்துவிடவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென ஒரு கொக்கி வைத்திருந்த காலத்தில், ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிப் பெட்டியோடு சேராது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1950களில் எக்ஸ்2எஃப் என்ற வடிவத்தை உருவாக்கியது. அதைச் சங்கம் அதிகாரபூர்வத் தரமாக ஏற்கவே இல்லை. ஆனால் யாரும் கட்டணமின்றிச் செய்யலாம் என்பதால் தயாரிப்பாளர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். பக்கவாட்டில் கொம்பு நீட்டிய இந்தக் கொக்கி சுமார் 40 ஆண்டுகள் எச்.ஓ. பெட்டிகளோடு இலவசமாக வந்தது. பழைய பெட்டி வாங்குபவருக்கு இன்றும் இதுதான் கிடைக்கும்.

இதன் குறை அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு கொக்கிகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் அழுத்தியபடியே பூட்டி நிற்கின்றன. இழுக்கும்போது அந்த அழுத்தம் தெரியாது. பின்னால் தள்ளும்போது பெட்டியின் முனையை அது ஒரே பக்கமாக ஒதுக்குகிறது. எடை குறைந்த பெட்டி, வளைவு, பாயிண்ட் மூன்றும் சேர்ந்தால் சக்கரம் ஏறிவிடும். கழற்றுவதும் எளிதல்ல, பெட்டியைத் தூக்கித்தான் பிரிக்க வேண்டியிருக்கும். வட்டமாக முன்னோக்கி மட்டும் ஓடும் ரயிலுக்கு இது போதும். பெட்டிகளைச் சேர்த்தும் பிரித்தும் ஷண்டிங் செய்ய நினைப்பவர் இதை மாற்றாமல் ஒரு படி கூட முன்னேற முடியாது.

இதற்கு மாற்றாக வந்தது ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்களின் கண்டுபிடிப்பு. இருவரின் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் கேடீ என்ற நிறுவனப் பெயர். அவர்களுடைய காந்தக் கப்ளர் உலோகத்தால் ஆனது. தலையில் அசையும் முட்டி ஒன்று. அதை மூடி வைக்க மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று. கீழே வளைந்து தொங்கும் எஃகுக் கம்பி ஒன்று. தலையைத் தாங்கும் தண்டு பெட்டிக்கு அடியில் ஒரு சிறு கூட்டுக்குள் இருக்கும். கூட்டில் உள்ள வெண்கல ஸ்பிரிங் கப்ளரை எப்போதும் நடுவுக்குத் திருப்பும். தொங்கும் கம்பி பார்வைக்கு அசல் பெட்டியின் பிரேக் காற்றுக்குழாய் போலத் தோன்றும், ஆனால் அதன் வேலை வேறு. தண்டவாளங்களுக்கு நடுவே வைத்த காந்தத்தின் மேல் இரண்டு பெட்டிகளின் இணைப்பு வந்து நின்று, இழுவை தளர்ந்தால், காந்தம் இரு கம்பிகளையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும், முட்டிகள் பிரியும். எஞ்சின் சற்றே விலகி, மறுபடி மெல்லத் தள்ளினால் தலைகள் ஒதுங்கிய நிலையிலேயே ஒட்டி நிற்கும், பூட்டாது. அப்படியே பெட்டியை வேண்டிய பக்கப்பாதைக்குத் தள்ளிவிட்டு எஞ்சின் திரும்பி வரலாம். கை படாமல் ஷண்டிங் செய்யும் இந்த வித்தைதான் கேடீயை நிலைநிறுத்தியது.

நிரந்தரக் காந்தத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதன் மேல் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் இழுவை தளர்ந்தாலும் கழற்றிவிடும். பெட்டியின் அச்சு எஃகாக இருந்தால் காந்தம் பெட்டியையே இழுத்து, தளர்வை உண்டாக்கும். எனவே முதன்மைப் பாதையில் நிரந்தரக் காந்தம் வைப்பது வீண் வம்பு. அங்கே தேவைப்பட்டால் பொத்தானை அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும் மின்காந்தம் வைக்கலாம். அல்லது காந்தமே வேண்டாம் என்று விட்டுவிடலாம். பலர் மூங்கில் குச்சியின் கூர்முனையை இரண்டு முட்டிகளுக்கும் நடுவே மேலிருந்து நுழைத்துத் திருகிக் கழற்றுகிறார்கள். செலவில்லாத முறை, பிழையும் குறைவு.

கேடீயின் கப்ளர்களில் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது 5-ஆம் எண். அதில் நடு ஸ்பிரிங் தனித் தகடாக வரும். அதைக் கூட்டில் சரியாக வைத்து, மேலே கப்ளரை வைத்து, மூடியைப் பொருத்த வேண்டும். பின்னர் வந்த 148-ஆம் எண்ணில் தண்டின் இரு பக்கமும் மீசை போல இரண்டு மெல்லிய கம்பிகள் பிணைந்தே வரும். தனி ஸ்பிரிங் தேவையில்லை, பல கம்பெனிக் கூடுகளுக்குள் அப்படியே நுழையும். புதிதாகத் தொடங்குபவருக்கு 148 போதும். தண்டின் நீளமும் தலையின் நிலையும் மாறுபடும் வகைகள் டஜன் கணக்கில் உண்டு. அவை இடம் போதாத எஞ்சின்களுக்கும் உயரம் தவறிய பெட்டிகளுக்கும் உரியவை; முதல் நாளே அந்தப் பட்டியலுக்குள் இறங்கினால் தலை சுற்றும்.

1990களில் பிற நிறுவனங்களும் இதே முட்டி வடிவத்தைச் செய்யத் தொடங்கின. மெக்ஹென்றி, பாக்மனின் ஈசி மேட், அக்யூரெயிலின் அக்யூமேட் ஆகியவை அப்படி வந்தவை. பெட்டி வாங்கும்போதே இப்போது முட்டிக் கப்ளர் பொருத்தியே வருகிறது. இவை ஒன்றோடொன்று சேரும், கேடீயோடும் சேரும். வேறுபாடு பொருளில் இருக்கிறது. பல நகல்களில் தலை பிளாஸ்டிக். சிலவற்றில் முட்டியை மூடும் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் நாக்குதான். வளைத்து வைத்த பிளாஸ்டிக் நாளடைவில் அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். திரும்பும் விசை போய்விடும். முட்டி முழுதாக மூடாமல் பாதி திறந்து நிற்பது இந்த வகையின் வழக்கமான முடிவு.

இழுவை வலிமையைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 அடி அசல் பெட்டியின் எச்.ஓ. மாதிரி சுமார் 106 கிராம் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அப்படி 30 பெட்டிகள் சேர்ந்தால் ஏறத்தாழ 3.2 கிலோ. 50-க்கு 1 ஏற்றத்தில் முதல் கப்ளரைப் பின்னோக்கி இழுப்பது, உராய்வைச் சேர்க்காமல், சுமார் 64 கிராம் எடைக்கு இணையான விசை. நல்ல பிளாஸ்டிக் தலை இதைத் தாங்கும். ஆனால் ஏற்றத்தில் நிறுத்தி வைத்த ரயில் நாள் முழுக்க அதே விசையில் தொங்குகிறது. திடீரென்று எஞ்சின் வெட்டி இழுத்தால் விசை பல மடங்காகிறது. அங்கேதான் பிளாஸ்டிக் முட்டி நெகிழ்ந்து, ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிப் பிரிகிறது. 10 பெட்டி ரயிலுக்கு உடன் வந்த கப்ளரே போதும்; 30 பெட்டி ஓட்ட நினைப்பவர், குறைந்தபட்சம் எஞ்சினை ஒட்டிய பாதி ரயிலுக்காவது உலோகத்துக்கு மாறுவது நல்லது.

பொருளை விட முக்கியமானது உயரம். எச்.ஓ. அளவில் தண்டவாளத்தின் மேல்விளிம்பிலிருந்து கப்ளரின் நடுக்கோடு 25/64 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அசல் அமெரிக்க ரயிலில் வெறும் பெட்டிக்கும் சரக்கேற்றிய பெட்டிக்கும் இடையே 34.5 அங்குலத்திலிருந்து 31.5 அங்குலம் வரை வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்த 3 அங்குலம் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ஒரு பெட்டி அரை மில்லிமீட்டர் தாழ்ந்து, அடுத்தது அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், சமதளத்தில் எல்லாம் சரியாகவே ஓடும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு முட்டி மற்றதன் மேல் ஏறி நழுவும். ஓட்டுபவர் கப்ளரைக் குறை சொல்வார். உண்மையில் குறை உயரத்தில் இருக்கும்.

இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. தண்டவாளத்தின் மேல் வைக்கும் உயர அளவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதில் சரியான உயரத்தில் ஒரு மாதிரித் தலை நிலையாக இருக்கும். பெட்டியை அதன் அருகே கொண்டு சென்றால் ஏற்றமா தாழ்வா என்பது உடனே தெரியும். தொங்கும் கம்பி தண்டவாளத்துக்கு மேல் சுமார் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கிறதா என்பதையும் அதே அளவியின் கீழ்த்தட்டு காட்டும். அளவி உலோகமாக இருந்தால் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்து மின்குறுக்கை உண்டாக்கிவிடும். ஓட்டும் பாதையில் பயன்படுத்துபவர் மின்கடத்தா வகையை வாங்க வேண்டும். மொத்தச் செலவில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்கே செலவிடலாம்.

பெட்டி தாழ்ந்திருந்தால் சக்கரங்களைத் தாங்கும் போகிக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவே மெல்லிய ஃபைபர் வாஷர் வைத்து உயர்த்தலாம். உயர்ந்திருந்தால் போகி உட்காரும் மேட்டைச் சற்று அரத்தால் தேய்க்கலாம். அதற்கும் அடங்காத பெட்டிக்குத்தான் தண்டு மேலேயோ கீழேயோ தள்ளி அமைந்த தனிவகைக் கப்ளர். கம்பி தாழ்ந்திருந்தால் அதற்கென்றே உள்ள இடுக்கியால் மேல்நோக்கி வளைக்க வேண்டும். சாதாரணக் குறடால் வளைக்கப் போனால் கம்பி தலையிலிருந்து கழன்று வந்துவிடும். காந்தம் பயன்படுத்தாதவர்களில் சிலர் கம்பியையே வெட்டிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்ளும் தொல்லை போகும், ஆனால் பின்னாளில் மனம் மாறினால் புதுக் கப்ளர்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, கப்ளரை எங்கே பொருத்துவது. மலிவான பெட்டிகளில் அது போகியோடு சேர்ந்தே இருக்கும். போகி திரும்பும்போது கப்ளரும் திரும்புவதால் கூர்மையான வளைவிலும் இழுவை சுலபம். ஆனால் தள்ளும்போது விசை நேராகப் போகியில் விழுந்து அதை முறுக்குகிறது. சக்கரம் தடம் விட்டு ஏறுகிறது. பெட்டியின் அடியில் கூட்டைத் திருகி அதில் கப்ளரை வைத்தால் விசை பெட்டியின் உடல் வழியே செல்லும், போகிக்கு வேலை உருள்வது மட்டும். ஷண்டிங் செய்யும் தளத்துக்கு இதுவே சரி.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. 85 அடி பயணிகள் பெட்டியின் மாதிரி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். பொம்மை ரயில் தொகுப்புகளில் வரும் 18 அங்குல ஆர வளைவு அசலில் 40 மீட்டர் ஆரத்துக்குச் சமம். எந்த ரயில்வேயும் முதன்மைப் பாதையில் அப்படி வளைக்காது. அந்த வளைவில் நீளப்பெட்டியின் முனை வெகுதூரம் வெளியே நீளும். உடலில் பொருத்திய குட்டைக் கப்ளர் அடுத்த பெட்டியைத் தடத்துக்கு வெளியே இழுத்துவிடும். ஒரு வளைவு முடிந்த இடத்திலேயே எதிர் வளைவு தொடங்கினால் இன்னும் மோசம். வளைவின் ஆரம் நீளப்பெட்டியின் நீளத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு இருக்கட்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு. இடமில்லாதவர் நீளத் தண்டுக் கப்ளரோ போகியில் பொருத்திய கப்ளரோ வைத்துச் சமாளிக்கலாம், அல்லது சிறு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூடு பொருத்துவதில் திருகு ஆணிதான் நம்பகமானது. அமுக்கிப் பொருத்தும் தகட்டு மூடிகள் ஓட்டத்தில் விழுந்து கப்ளரையும் ஸ்பிரிங்கையும் தண்டவாளத்தில் கொட்டிவிடும். பசை போட்டு ஒட்டினால் பிறகு பழுது பார்க்க முடியாது. திருகை மிக இறுக்கினால் கூடு நசுங்கிக் கப்ளர் அசையாமல் நிற்கும், எனவே இறுக்கியபின் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒதுக்கிவிட்டால் தானே நடுவுக்கு வர வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. திரும்பாவிட்டால் கூட்டுக்குள் வார்ப்புப் பிசிறோ பெயின்ட்டோ இருக்கும். அதைச் சுரண்டி, உலர்ந்த கிராஃபைட் தூளைச் சிறிது தூவினால் சரியாகும். எண்ணெய் விடக்கூடாது. தூசியை இழுத்துச் சில மாதத்தில் சேறாக்கிவிடும்.

கப்ளர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடையில்லாத பெட்டி அதைத் தோற்கடிக்கும். முட்டினால் பூட்டிக்கொள்ள வேண்டுமென்றால் பெட்டி கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். இல்லையென்றால் உருண்டு ஓடிவிடும். எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரை.

அழகை நாடுபவருக்கு 5, 148 ஆகியவற்றின் தலை அசலை விடப் பருமனாகத் தெரியும். கேடீயின் 58, 158 எண்கள் அளவுக்கு நெருக்கமான தலை கொண்டவை. பார்க்க நன்றாக இருக்கும், பெரிய தலையோடும் சேரும். ஆனால் வாய் சிறியதால் உயரப் பிழையை அவை மன்னிப்பதில்லை. இன்னும் ஒரு படி மேலே போனது சார்ஜென்ட் கப்ளர். உள்ளே ஒரு சிறு எஃகுக் குண்டு பூட்டுக்கட்டையாக விழுந்து நிற்கும். மேலே காந்தக் கோலைக் காட்டினால் குண்டு எழும்பிப் பூட்டுத் திறக்கும். அசல் ரயிலுக்கு மிக நெருங்கிய இயக்கம் இதுவே. ஆனால் கேடீ வகைகளோடு சேராது. எடுத்தால் பெட்டிகள் அனைத்துக்கும் எடுக்க வேண்டும். நண்பர்கள் தத்தம் பெட்டிகளைக் கொண்டுவந்து ஓட்டும் மன்றங்களுக்கு இது ஒத்துவராது.

160-இல் ஒரு பங்கான 'என்' (N) அளவில் கதை வேறு. ஜெர்மனியின் அர்னால்ட் நிறுவனத்தின் ராபிடோ கொக்கி பல பதிற்றாண்டுகள் அங்கே பொது வடிவமாக இருந்தது. பருமனானது, அழகில்லாதது, ஆனால் எளிதில் விடாது. முட்டி வகையில் முன்னணி மைக்ரோ-டிரெயின்ஸ். 1990-இல் எட்வர்ட்ஸ் சகோதரர்கள் தொழிலைப் பிரித்துக்கொண்டபோது கேடீயிலிருந்து கிளைத்தது அது. அதன் தண்டில் உள்ள ஸ்பிரிங், எடை குறைந்த ரயிலில் முன்னும் பின்னும் நீண்டு சுருங்கி, கடைசிப் பெட்டியைத் துள்ள வைக்கும். கடைசிப் பெட்டியின் அச்சில் சிறிது உராய்வு ஏற்படுத்தினால் இது அடங்கும்.

ஐரோப்பிய மாதிரிகளில் பெட்டியின் முனையில் என்.இ.எம். 362 என்ற தரப்படி ஒரு துளை இருக்கும். கப்ளரை அதில் செருகலாம், உருவலாம். வளைய வகை, பெட்டிகளை ஒட்டி நிறுத்தும் நெருக்க வகை என எதை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். இந்தத் துளைக்கென்று கேடீயும் 17 முதல் 20 வரை நான்கு நீளங்களில் கப்ளர் தருகிறது. துளை சரியான உயரத்தில் இருந்தால் மாற்றுவது ஒரு நிமிட வேலை. அசல் ஐரோப்பிய ரயிலில் கொக்கியும் திருகும் இரு பக்க பஃபர்களும்தான், பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளில் பழகிய அமைப்பும் அதுவே. இந்திய ரயிலை மாதிரியாக்குபவர் எல்.எச்.பி. ரயிலுக்கு முட்டிக் கப்ளரைத் தயங்காமல் போடலாம். நீல ஐ.சி.எஃப். ரயிலுக்குப் பெட்டிகளுக்கிடையே நெருக்க வகையும், எஞ்சின் பக்கம் மட்டும் முட்டி வகையும் என்பது கண்ணுக்கும் கைக்கும் ஒத்த ஏற்பாடு.

கையில் ஏற்கெனவே நிறையப் பெட்டிகள் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெட்டியின் ஒரு முனையில் பழைய கொம்புக் கொக்கியும் மறுமுனையில் முட்டிக் கப்ளரும் போட்டால், அது இரண்டு வகைக்கும் நடுவே இணைப்புப் பெட்டியாக நிற்கும். முதலில் எஞ்சின்கள், பிறகு ஷண்டிங்கில் அடிக்கடி பயன்படும் சரக்குப் பெட்டிகள், கடைசியாக நிலையாகவே ஓடும் பயணிகள் ரயில்கள் என்ற வரிசை வசதியானது. பயணிகள் ரயிலில் இரு முனைப் பெட்டிகளை மட்டும் மாற்றி, நடுவில் இருப்பதை அப்படியே விடலாம். மாற்றிய ஒவ்வொரு பெட்டியையும் அளவியில் பார்த்து, எஞ்சினால் பாயிண்ட் வழியே தள்ளிப் பார்த்த பிறகு ஓட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒரே பெட்டி திரும்பத் திரும்பக் கழன்றால் அதன் கப்ளரை மாற்றுவதற்கு முன் இரண்டு பக்கத்துப் பெட்டிகளின் உயரத்தையும் அளக்க வேண்டும். குறை பக்கத்துப் பெட்டியில் இருப்பதும் உண்டு.